படிக்கட்டில் ஏறும் சிவப்புக் குழாய் கீழே எங்கே போகிறது?

மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் 22 மாடிக் குடியிருப்பு ஒன்று. அதன் நிர்வாகக் குழுவில் புதிதாகச் சேர்ந்த அக்கா ஒருவர், படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அங்கிருந்த சிவப்புக் குழாயை விரலால் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, பதினெட்டு வருசமா இதத் தாண்டித்தான் மார்க்கெட்டுக்குப் போறேன். இதுல தண்ணி இருக்கா, இல்லையா?"

"இருக்குக்கா. வீட்டுக்கு வர்ற தண்ணி இல்ல, இது தனி. கீழ ஒரு ரூம் இருக்கு, வாங்க காட்டுறேன்."

பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கமும் கட்டடங்களின் தீயணைப்புச் சாதனங்களைப் பராமரிப்பது என் வேலை. அன்று அந்த அக்காவோடு கீழே இறங்கிப் போகும்போது சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. வாளியில் தண்ணீர் தூக்கி மாடி ஏறியவர்கள் யாருக்கும் இது புரியும்.

சிவப்பு நிறம் அழகுக்காக அடித்தது அல்ல. 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச் சட்டங்கள், எங்கள் வேலை இடத்தில் 'யூபிபிஎல்' என்போம், தீயணைப்புக் குழாய்களுக்குச் சிவப்பு வண்ணம் அடிக்கச் சொல்கின்றன. அந்தக் குழாயில் இரண்டு வகை உண்டு. தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் தரையிலிருந்து உச்சி மாடி 18.3 மீட்டருக்கு மேல், ஆனால் 30.5 மீட்டருக்குள் இருந்தால் டிரை ரைசர் போதும். அது வெறுங்குழாய். பொம்பா, அதாவது தீயணைப்புப் படை, வண்டி வந்து, கீழே இருக்கும் வாயில் ஹோஸை மாட்டி, தன் பம்பாலேயே தண்ணீரை மேலே ஏற்றும். 30.5 மீட்டரைத் தாண்டினால், ஏறக்குறைய பத்து மாடிக்கு மேல் போனால், வெட் ரைசர் வேண்டும். அதில் தண்ணீர் எந்நேரமும் நிரம்பி, அழுத்தத்தோடு காத்திருக்கும். அந்த அழுத்தத்தைத் தருவதும் காப்பதும் கட்டடத்தின் சொந்த பம்ப்.

ஏன் பம்ப்? தண்ணீருக்கு எடை இருக்கிறது, அவ்வளவுதான். பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிமிர்த்தி நிறுத்தினால் அதன் அடியில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் என்று வைத்தால் 22 மாடி 66 மீட்டர். தண்ணீர் உச்சியை எட்டிப் பார்ப்பதற்கே ஆறரை பார் செலவாகிவிடும். எட்டிப் பார்த்தால் மட்டும் போதாது. மேலே ஹோஸ் பிடித்து நிற்கும் தீயணைப்பு வீரருக்குக் குழாய் வாயில் குறைந்தது 4 பார் ஓடவேண்டும் என்பது இங்குள்ள கணக்கு. குழாயிலும் வளைவுகளிலும் உரசிக் கரைவதையும் சேர்த்தால், கீழே பம்ப் 11, 12 பார் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் கார் டயரில் இருப்பது சுமார் 2 பார் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். அளவும் சின்னதல்ல. மாடிகளில் ஹோஸ் மாட்டும் வால்வுகளில் மூன்றைத் திறந்தால் ஒரே நேரத்தில் தலா 500 லிட்டர், ஆக நிமிடத்துக்கு 1,500 லிட்டர். பதினைந்து லிட்டர் வாளியில் சொன்னால், ஒவ்வொரு நிமிடமும் நூறு வாளி.

"மொட்டை மாடியில டேங்க் இருக்கே, அதத் தொறந்துவிட்டா தானா எறங்காதா?" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. கீழ் மாடிகளுக்கு இறங்கும். ஆனால் டேங்குக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கும் உச்சி மாடிக்கு அது தருவது 0.3 பார்தான். தீ எந்த மாடியில் பிடிக்கும் என்று சொல்லி வைத்துக்கொண்டா வருகிறது?

அதனால்தான் தண்ணீரும் பம்பும் கீழே இருக்கின்றன. வெட் ரைசருக்கான தொட்டி குறைந்தது 45,500 லிட்டர் கொள்ள வேண்டும். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு 1,500 லிட்டர் எடுத்தால் அரை மணி நேரம். அந்த அரை மணிக்குள் பொம்பா வந்து சேர்ந்து, பக்கத்து ஹைட்ரண்டிலிருந்து (தெருவோரத் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்) தண்ணீர் எடுத்து, கட்டடத்தின் வெளிச்சுவரில் இருக்கும் நான்கு வாய்க் குழாய் வழியாகத் தொட்டியை நிரப்பத் தொடங்கிவிட வேண்டும். அந்த வாய் வண்டி நிற்கும் இடத்திலிருந்து 18 மீட்டருக்குள்ளும், ஹைட்ரண்டிலிருந்து 30 மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது விதி. அதன் முன்னால் தயவு செய்து காரை நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடம்தானே என்று நிறுத்துகிறவர்களிடம் நான் பலமுறை மன்றாடியிருக்கிறேன்.

ஹோஸ் ரீல் என்பது வேறு. நடைவழியில் சிவப்பு வட்டத்தில் சுற்றி வைத்திருக்கும் ரப்பர் குழாய் அது. பொம்பா வருவதற்குள் நீங்களும் நானும் இழுத்துப் பயன்படுத்துவதற்காக இருப்பது. அதற்கென்று சின்னத் தொட்டியும் சின்ன பம்புகளும் தனியாக உண்டு. இந்தக் கட்டுரையில் பெரிய பம்பைப் பற்றியே பேசுகிறேன். ஆனால் அறையைப் பற்றி நான் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

மூன்று பம்புகள், மூன்று குணங்கள்

கதவைத் திறந்தோம். உள்ளே சிவப்பு வண்ணத்தில் இரண்டு பெரிய இயந்திரங்கள், ஓரத்தில் குட்டியாக ஒன்று. அக்கா குட்டியைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார்.

அதுதான் ஜாக்கி பம்ப். எவ்வளவு நன்றாகப் பொருத்தினாலும் ஒரு பெரிய குழாய் அமைப்பில் எங்காவது சொட்டுக் கசிவு இருக்கும். அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கும். ஒவ்வொரு முறையும் அதற்காகப் பெரிய பம்பை எழுப்பினால் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் இந்தக் குட்டி அவ்வப்போது சில நொடிகள் ஓடி, இறங்கியதை ஏற்றிவிட்டு நின்றுவிடும். தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு ராத்திரியில் 'குர்ர்' என்று கேட்கிறதே, பெரும்பாலும் அது இவர்தான். ஒரு நாளில் ஓரிரு முறை கேட்டால் நல்ல சகுனம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் எங்கோ பெரிய கசிவு இருக்கிறது, ஆளைக் கூப்பிடுங்கள்.

பெரியவை இரண்டில் ஒன்று டியூட்டி பம்ப், முதலில் ஓட வேண்டியது. மற்றது ஸ்டாண்ட்பை, அது எழாவிட்டால் ஓடும் மாற்று. மேலே 15ஆம் மாடியில் தீ என்று வைத்துக்கொள்வோம். வீரர் வால்வைத் திறக்கிறார். குழாயில் அழுத்தம் சட்டென்று விழுகிறது. ஜாக்கி ஓடிப் பார்க்கும். அதன் சின்ன உடம்புக்கு அது முடியாது. அழுத்தம் இன்னும் இறங்கும். குழாயில் பொருத்தியிருக்கும் பிரஷர் சுவிட்ச் அதைப் பார்த்து டியூட்டி பம்பை எழுப்பும். ஏதோ காரணத்தால் டியூட்டி எழவில்லை என்றால் அழுத்தம் மேலும் விழும். இன்னும் கீழான ஓர் எண்ணில் காத்திருக்கும் அடுத்த சுவிட்ச், ஸ்டாண்ட்பையை எழுப்பும். மனிதர் யாரும் பொத்தான் அழுத்த வேண்டியதில்லை. காவலருக்குத் தகவல் போவதற்கு முன்பே தண்ணீர் மேலே போயிருக்கும்.

டியூட்டி பொதுவாக மின்சாரத்தில் ஓடும். ஸ்டாண்ட்பை டீசல் என்ஜினாக இருக்கும். இல்லாவிட்டால் ஜென்செட்டோடு (ஜெனரேட்டரோடு) இணைத்த இன்னொரு மின் பம்பாக இருக்கும். ஒரே காரணம் இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்துவிடக் கூடாது, அதற்காகவே இந்த ஏற்பாடு. தீப்பிடித்த கட்டடத்தில் முதலில் போவதே மின்சாரம்தான். பம்புக்கு வரும் மின்கம்பியும் இதே எண்ணத்தில்தான் இழுக்கப்படுகிறது. யாராவது பதற்றத்தில் கட்டடத்தின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டாலும் பம்புக்கு மட்டும் மின்சாரம் நிற்காதபடி, அதைத் தனியாகப் பிரித்து, நெருப்பில் சீக்கிரம் உருகாத கேபிளில் கொண்டு வருகிறோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் சேர்ந்த புதிதில் என்னை அப்படியே நிறுத்தி வைத்த விஷயம் இது. உங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் சூடாகிவிட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். நிற்பதுதான் அதற்கு நல்லது. தீ பம்ப் அப்படி இல்லை. அமெரிக்காவின் என்எஃப்பிஏ 20 என்ற தீ பம்ப் தரநூலைப் பின்பற்றும் டீசல் பம்பில், தானாக எழுந்து ஓடும்போது என்ஜின் கொதித்தாலும் எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் மணி அடிக்கும், என்ஜின் நிற்காது. வேகம் கட்டு மீறினால் மட்டுமே தானாக நிற்கும். மின் பம்பிலும், சின்ன ஓவர்லோடுக்கெல்லாம் அறுத்துவிடும் சாதனம் வைப்பதில்லை. மேலே ஆட்கள் இருக்கும்வரை அது ஓட வேண்டும். ஓடியே பாழானாலும் சரி. பணத்தைப் போட்டு வாங்கிய இயந்திரத்தை, உயிருக்கு ஈடாக எரித்துக்கொள்ளலாம் என்று யோசித்து யாரோ ஒருவர் விதி எழுதியிருக்கிறார். அந்த விதியை நான் மரியாதையோடு பார்க்கிறேன்.

பம்ப் குடியிருக்கும் வீடு

என்னைக் கேட்டால், நல்ல பம்ப் வாங்குவது சிரமமில்லை. பட்டியல் இருக்கிறது, அளவு இருக்கிறது, பணம் கட்டினால் வந்துவிடும். அதை எங்கே, எப்படி உட்கார வைக்கிறோம் என்பதில்தான் அதன் ஆயுசு இருக்கிறது. நான் பார்த்த பழுதுகளில் பாதிக்கு மேல் பம்பின் பழுது அல்ல. அறையின் பழுது.

முதல் கேள்வி உயரம். பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் அது உறிஞ்சுவதில்லை. தன் வாயில் இருக்கும் தண்ணீரை வேகமாகச் சுழற்றி வெளியே தள்ளுகிறது. அங்கே ஏற்படும் வெற்றிடத்துக்குள் தண்ணீரைத் தள்ளிவிடுவது வெளிக்காற்றின் அழுத்தம். அந்தக் காற்றழுத்தம் 1 பார்தான், எந்தக் கொம்பனாலும் பத்து மீட்டருக்கு மேல் கீழேயிருந்து இழுக்க முடியாது. நடைமுறையில் அதிலும் பாதி தேறினாலே பெரிது. இதைவிடக் கொடுமை, பம்புக்குள் காற்று புகுந்துவிட்டால் அது வெறுமனே சுழலும், தண்ணீர் வராது. அதனால் தீ பம்பைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைக்கிறோம். தண்ணீர் தன் எடையாலேயே பம்பின் வாயை எப்போதும் நிரப்பிக்கொண்டு நிற்கும். எழுந்தவுடனே தள்ள வேண்டியதுதான் வேலை.

தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாயைக் கூர்ந்து பாருங்கள். பெரிய குழாய் பம்பின் சின்ன வாயோடு சேரும் இடத்தில் ஒரு புனல் துண்டு இருக்கும். சாதாரணப் புனல் போல எல்லாப் பக்கமும் சரிந்து இருக்காது. மேல்பக்கம் நேராகத் தட்டையாக இருக்கும், சரிவெல்லாம் அடிப்பக்கம். தலைகீழாக மாட்டியிருந்தால் மேல்பக்கத்தில் ஒரு குழி உண்டாகி, அதில் காற்று போய்ப் பதுங்கிக்கொள்ளும். பம்ப் வேகமெடுக்கும்போது அந்தக் காற்று மொத்தமாக உள்ளே போகும். ஒரு துண்டுக் குழாயைத் திருப்பி மாட்டிய பிழை, அவ்வளவு பெரிய இயந்திரத்தைத் திணறடிக்கும். அதேபோல பம்பின் வாய்க்கு ஒட்டி ஒரு வளைவைப் போட்டுவிட்டால் தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்து நுழையும். உள்ளே ஜல்லிக் கற்களைப் போட்டு உருட்டுவது போல ஒரு சத்தம் வரும். இடம் இல்லை என்று அறையைச் சின்னதாகக் கட்டிவிட்டால் இந்த வளைவைத் தவிர்க்க முடியாது. வரைபடத்தில் பம்ப் அறையைக் குறுக்கி இன்னொரு கார் நிறுத்துமிடம் வரைகிறார்களே, அதன் விலை இதுதான்.

சரி, தொட்டிக்குக் கீழே வைக்க வேண்டும் என்றால் தொட்டி எங்கே இருக்க வேண்டும்? ஹோஸ் ரீல் தவிர்த்த பெரிய தொட்டிகளைத் தரைத்தளத்திலோ முதல், இரண்டாம் அடித்தளத்திலோ வைக்கச் சொல்கிறது யூபிபிஎல். பொம்பா வண்டியால் நிரப்ப முடிய வேண்டுமே. ஆக பம்பும் அங்கேதான் போகும். நம் ஊரில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2017 நவம்பர் 4ஆம் தேதி ராத்திரியை பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விடிய விடிய மழை, காற்று. காலையில் தீவிலும் எதிர்க்கரையிலும் தெருத்தெருவாகத் தண்ணீர். அந்த வாரம் நான் திறந்த பம்ப் அறைகளில் ஒன்று அடித்தளத்தில் இருந்தது. சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. மோட்டார் மூழ்கியிருந்தது. அதைக்கூட உலர்த்திச் சரிசெய்யலாம். கண்ட்ரோல் பேனலும் டீசல் என்ஜினின் பேட்டரிகளும் தரையிலேயே வைக்கப்பட்டிருந்தன. ஆகவே டியூட்டியும் போனது, மின்சாரமே வேண்டாத ஸ்டாண்ட்பையும் போனது. இரண்டையும் சேர்த்து ஒரே காரணம் கவிழ்த்துவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடெல்லாம், இரண்டையும் ஒரே பள்ளத்தில் வைத்ததால் வீணானது. அந்தக் கட்டடத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், பல நாட்கள் தீ பம்ப் இல்லாமல் இருந்தன. அப்போது ஒன்றும் நடக்கவில்லை. எனக்குத்தான் அந்த நாட்களில் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அதனால் தாழ்வான பகுதிகளில், ஜாலான் பி. ரம்லி போல மழைக்குத் தண்ணீர் ஏறும் இடங்களில், அடித்தளத்தில் இடம் இருந்தாலும் தரைத்தளத்துக்கே போராடுங்கள் என்பேன். வேறு வழியில்லை என்றால் கதவடியில் உயரமான வாசற்படி கட்ட வேண்டும். தரை வடிகாலை நோக்கிச் சரிய வேண்டும். தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்க, அவசர மின்சாரத்தில் ஓடும் ஒரு சம்ப் பம்ப் வேண்டும். பேனலையும் பேட்டரியையும் இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டும். இதில் கடைசியானதற்கு ஆகும் செலவு, இரும்புக் கோணத்தில் செய்த ஒரு ஸ்டாண்டின் விலை.

நெருப்பும் அறைக்குள் வரக் கூடாது. கார் நிறுத்துமிடத்தில் ஒரு கார் எரிந்தால், அதை அணைக்க வேண்டிய பம்பே பக்கத்தில் வெந்துகொண்டிருக்கக் கூடாது அல்லவா? அதனால் பம்ப் அறையின் சுவரும் கதவும் தீயைத் தாங்குபவையாக இருக்க வேண்டும். பொதுவாக இரண்டு மணி நேரத்துக்குக் கணக்கிடுவோம். அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளும் கதவு. காற்று வரட்டும் என்று அதன் அடியில் செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்தால், இரண்டு மணி நேரச் சுவர் எழுப்பியதில் பொருளே இல்லை. குழாயும் கேபிளும் சுவரைத் துளைக்கும் இடத்தில் உள்ள சந்துகளும் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும். புதிதாக இணையக் கேபிள் இழுக்க வருகிறவர்கள் ஓட்டை போட்டுவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். அடுத்த முறை பாருங்கள்.

ஆனால் காற்று வேண்டும். டீசல் என்ஜின் மூச்சு விடும் இயந்திரம். ஓடும்போது நிறைய காற்றை இழுக்கும், நிறைய வெப்பத்தைக் கக்கும். வெளிக்காற்று வர லூவரும் (சாய்ந்த பட்டைகள் வைத்த திறப்பு), வெப்பம் போக வழியும், புகை கட்டடத்துக்கு வெளியே போகக் குழாயும் இல்லையென்றால் பத்து நிமிடத்தில் அறை அடுப்பாகிவிடும். பரிசோதிக்கப் போகிற ஆளுக்கும் அது ஆபத்து. தஞ்சோங் தோக்கோங் மாதிரிக் கடலோரத்தில், அதே லூவர் வழியாக உப்புக் காற்றும் வரும். அங்கே பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன். துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். துடைக்காமல் விட்டால் சாவியைத் திருப்பும் நாளில் 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு என்ஜின் அமைதியாகிவிடும்.

பம்பை எவற்றிலிருந்தெல்லாம் காக்க வேண்டும் என்று என்எஃப்பிஏ 20 ஒரு வரிசை தருகிறது. தீ, வெடிப்பு, வெள்ளம், நிலநடுக்கம், காற்று என்று போய், அதில் எலியும் பூச்சியும்கூட வருகின்றன. முதலில் படித்தபோது இதெல்லாமா என்று நினைத்தேன். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு பேனலைத் திறந்து, எலி கடித்த கட்டுப்பாட்டுக் கம்பியைக் கையில் எடுத்த நாளில், வரிசையை எழுதியவர் பேனலைத் திறந்து பார்த்தவர் என்று புரிந்தது.

ஜெலுத்தோங்கின் அந்த அறையில் அக்கா அதிர்ந்தது இயந்திரத்தைப் பார்த்து அல்ல. சுவரோரம் தீபாவளி அலங்கார விளக்குகள் கொண்ட பெட்டிகள், பழைய மெத்தை ஒன்று, வெள்ளைப் பெயிண்ட் டின்கள், யாரோ விட்டுச்சென்ற குழந்தை சைக்கிள். "இதெல்லாம் நம்ம ஆளுங்க வச்சதுதான்," என்றார் மெதுவாக. கட்டடத்தில் பூட்டக்கூடிய காலி இடம் எது என்று தேடினால் எல்லோர் கண்ணிலும் முதலில் படுவது இந்த அறைதான். அது காலி இடம் இல்லை. என்ஜினைச் சுற்றி ஓர் ஆள் ராத்திரியில், புகையில், டார்ச்சோடு நடக்க வேண்டிய இடம். மெத்தையும் பெயிண்டும் எரிகிற பொருள்கள். அன்றைக்கே நால்வர் சேர்ந்து எல்லாவற்றையும் வெளியே கொண்டு வந்தார்கள்.

பொருத்தும்போது தவறுவது எங்கே

பம்பும் மோட்டாரும் ஒரே இரும்புச் சட்டத்தில், கான்கிரீட் மேடையில் அமர்கின்றன. இரண்டின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும், நடுவில் கப்ளிங் சேர்த்துப் பிடிக்கும். தொழிற்சாலையில் நேர்பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். ஆனால் லாரியில் வந்து, கிரேனில் தூக்கி, மேடையில் வைத்து, போல்ட்டை இறுக்கும்போது சட்டம் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அதனால் மேடையில் வைத்து, சட்டத்துக்கு அடியில் சிமெண்ட் கலவை ஊற்றி, அது இறுகிய பிறகு மறுபடி நேர்பார்க்க வேண்டும். அப்புறம் குழாய்களை இணைத்த பிறகு இன்னொரு முறை. குழாய் சரியாக எட்டாவிட்டால் அதைச் சங்கிலியால் இழுத்துப் பிடித்து போல்ட் போடுகிற பழக்கம் இருக்கிறது. அந்த இழுவிசை முழுவதும் பம்பின் உடம்பில் இறங்கும். குழாயின் எடையைத் தாங்க வேண்டியது குழாய்த் தாங்கிகள். பம்ப் அல்ல.

தண்டு பம்பின் உடலிலிருந்து வெளியே வரும் இடத்தில் கிளாண்ட் என்று ஒன்று உண்டு. கயிறு போன்ற பேக்கிங்கைச் சுற்றி இறுக்கியிருப்பார்கள். ஓடும்போது அங்கே தண்ணீர் சொட்டும். நொடிக்கு ஒரு சொட்டு போல. அது கசிவு அல்ல, அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர வைக்கிறது. தரை நனைகிறதே என்று நல்லெண்ணத்தோடு யாரோ ஸ்பேனரை எடுத்து இறுக்கிவிடுவார்கள். சொட்டு நிற்கும். அடுத்த ஓட்டத்தில் பேக்கிங் கருகி, தண்டில் கோடு விழும். இதை நான் ஒவ்வொரு புதுப் பையனுக்கும் கையைப் பிடித்து, அந்தச் சொட்டின் கீழே விரலை நீட்டச் சொல்லிக் காட்டுவேன். குளிர்ச்சியாக இருந்தால் சரி. சுட்டால் இறுக்கம் அதிகம்.

அழுத்தம் குறைந்தால் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து. 12 பாரோடு புறப்படும் தண்ணீர் இரண்டாம் மாடியில் அப்படியே வெளியே வந்தால் ஹோஸ் பிடித்தவரைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் இங்கே ஓடும் அழுத்தம் 7 பாருக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை வைத்திருக்கிறார்கள், கீழ் மாடி வால்வுகள் அழுத்தத்தைக் குறைத்து விடுகின்றன. அந்த வால்வைச் சரியான எண்ணில் வைப்பது உயிர் விஷயம். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், 38 மாடிக் கட்டடமான ஒன் மெரிடியன் பிளாசாவின் 22ஆம் மாடியில் தீப்பிடித்தது. கட்டடத்தின் மின்சாரம் போனது. குறைப்பு வால்வுகள் தேவைக்கு மிகக் கீழே வைக்கப்பட்டிருந்ததால் வீரர்களின் ஹோஸில் தண்ணீர் பலமாக வரவில்லை. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். மாடி மாடியாக ஏறிய அந்தத் தீயை 30ஆம் மாடியில் நிறுத்தியது, சூடு பட்டால் தானாகத் திறந்து தண்ணீர் தெளிக்கும் பத்து ஸ்பிரிங்கிளர் தலைகள்.

எங்கள் வேலையில் பொருத்தி முடித்த நாளில் பம்ப் ஓடியதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்து போட முடியாததற்குக் காரணம் இதுதான். உச்சி மாடியில் வால்வைத் திறந்து, அழுத்தமானியை மாட்டி, தண்ணீர் ஓடும்போது எண் என்ன என்று பார்க்க வேண்டும். கீழ் மாடியிலும் அப்படியே. தண்ணீர் நிற்கும்போது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. குழாயில் பாதி அடைபட்ட வால்வு இருந்தால்கூட நிற்கும் தண்ணீர் முழு அழுத்தம் காட்டும்.

உங்கள் கட்டடத்தில் நீங்களே என்ன பார்க்கலாம்? வால்வு எதையும் தொட வேண்டாம். நிர்வாகத்திடம் கேட்டு, காவலரோடு போய், வாசலில் நின்று பார்த்தாலே போதும். பேனலில் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். அது 'ஆட்டோ'வில் இருக்க வேண்டும். சத்தம் தொந்தரவு என்று 'ஆஃப்'பில் விட்ட சுவிட்சுகளை நான் எத்தனையோ திருப்பியிருக்கிறேன். அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் கிடக்கக் கூடாது. தொட்டியிலிருந்து வரும் வால்வு திறந்த நிலையில், சங்கிலியோ பட்டையோ போட்டுப் பூட்டப்பட்டிருக்க வேண்டும். என்ஜினின் டீசல் தொட்டியில் அளவுக் கண்ணாடி நிறைந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு பதிவேடு தொங்கும். கடைசியாக யார், என்றைக்கு ஓட்டிப் பார்த்தார்கள் என்று அதில் இருக்கும். 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி, தீச்சான்றிதழ் கட்டாயமாக்கப்பட்ட கட்டடங்கள் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பொம்பா அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். ஆனால் ஆண்டுக்கு 365 நாள். பேட்டரி சாகிற நாள் அவர்கள் வரும் நாளாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதனால்தான் டீசல் பம்பை வாரம் ஒருமுறை எழுப்ப வேண்டும். அரை மணி நேரம் ஓட்டினால்தான் என்ஜின் முழுதாகச் சூடாகி, உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறும். பொத்தானை அழுத்தி எழுப்புவதைவிட, குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீரை வடித்து அழுத்தத்தை இறக்கி எழுப்புவது நல்லது. அப்போதுதான் பிரஷர் சுவிட்சும் சேர்ந்து சோதிக்கப்படும். நிறுத்துவது மட்டும் கையால். தீ பம்ப் தானாக எழும், தானாக நிற்காது. ஓட்டி முடித்ததும் சுவிட்சை 'ஆட்டோ'வில் திருப்பி வைத்ததை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் பழக்கம்.

ஜெலுத்தோங்கில் இப்போது அது சனிக்கிழமை காலை பத்து மணி. முதல் வாரம் என்ஜின் இருமிக்கொண்டு எழுந்து, வெளியே கரும்புகையைத் தள்ளியது. மூன்றாவது மாடிப் பாட்டி ஒருவர் கட்டடத்தில் தீ என்று பயந்து படியிறங்கி வந்துவிட்டார். அக்கா அவரைக் கைத்தாங்கலாகப் பம்ப் அறை வாசலுக்கு அழைத்து வந்து, உள்ளே கை நீட்டினார். "நம்ம பம்புதான் பாட்டி, சும்மா ஓட்டிப் பாக்குறோம்." அடுத்த வாரத்திலிருந்து லிஃப்டுக்குள் மூன்று மொழியில் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். பதிவேட்டில் நேரத்தையும் அழுத்தத்தையும் எழுதிக் கையெழுத்துப் போடுவது இப்போது அக்காவே.